ஹாலேக்கு ஊழியத்துக்கு வர்ற பெரியவங்களுக்கு

ரிடையர் ஆனதுக்கப்புறம் ரெண்டு பேருமா ஜெர்மனில ஹாலேவுக்கு ஊழியத்துக்கு வர்றீங்கன்னா, சாவி கைக்கு வந்த அன்னைக்கே உங்க பேரை காலிங் பெல்லுலயும் தபால் பெட்டியிலயும் ஒட்டிருங்க. இங்க பெரும்பாலும் ஃப்ளாட்டுக்கு நம்பர் கிடையாது, பேர் இல்லன்னா தபால் திரும்பிப் போயிரும். எங்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு அப்படித்தான் திரும்பிப் போச்சு, அதே வாரம் எங்க வீட்டுல அவங்களுக்கு பிரஷர் மாத்திரை தீர்ற நேரம், ராத்திரியெல்லாம் தூங்காம ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்.

அதனால மாத்திரை மூணு மாசத்துக்கு எடுத்துட்டு வாங்க, டாக்டர் சீட்டுல பிராண்டு பேரு மட்டும் போதாது, உள்ள இருக்கற மருந்தோட பேரையும் எழுதி வாங்குங்க, நம்ம ஊரு பிராண்டு இங்க யாருக்கும் தெரியாது. ராத்திரியிலயோ லீவு நாள்லயோ டாக்டர் வேணும்னா 116117, நெஞ்சு வலி மாதிரி அவசரம்னா யோசிக்காம 112.

ரெண்டு வாரத்துக்குள்ள அன்மெல்டுங் பண்ணணும், அதாவது விலாசத்தைப் பதியறது, அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட தாள் ஒண்ணு கேப்பாங்க, அதை முன்னாடியே வாங்கி வச்சிக்கோங்க.

ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடிருவாங்க, பால் காய்கறி சனிக்கிழமையே வாங்கிருங்க. ராத்திரி 10 மணிக்கு மேல மிக்ஸி போடாதீங்க, ஞாயித்துக்கிழமையும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அமைதி ரொம்ப முக்கியம், அவங்க மனசு நமக்கு முக்கியம். பிளாஸ்டிக் பாட்டிலத் தூக்கிப் போடாம கடை மெஷின்ல கொடுத்தா பெரும்பாலும் 25 சென்ட் திரும்ப வரும். குளிர்காலத்துல இட்லி மாவு புளிக்கவே புளிக்காது, ஓவன்ல லைட் மட்டும் போட்டு உள்ள வச்சிட்டா காலைல பொங்கியிருக்கும்.

டிசம்பர்ல 4 மணிக்கெல்லாம் இருட்டிரும், வீட்டுக்குள்ளயே இருந்தா மனசு சோர்ந்துரும். அதனாலதான் சொல்றேன், முதல் மாசமே ஃபிராங்கே நிறுவனத்தைப் போய்ப் பாருங்க. 1698ல ஃபிராங்கே ஐயர், அதாவது ஃபிராங்கேங்கிற பாதிரியார், அனாதைப் பிள்ளைகளுக்காக ஆரம்பிச்ச இடம், இங்கிருந்துதான் தரங்கம்பாடி மிஷனுக்கு ஆளும் பணமும் போச்சு. 1706 ஜூலை 9ல தரங்கம்பாடில வந்திறங்கின மிஷனரி சீகன்பால்கு ஐயர் ஹாலேலதான் படிச்சவர். அவர் அச்சடிக்கிறதுக்கு வேண்டிய தமிழ் அச்செழுத்துக்களை முதல்ல இங்கதான் வார்த்து அனுப்பியிருக்காங்க, புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சானது 1715ல. பழைய அனாதை இல்லத்து மாடில அலமாரி அலமாரியா உலகத்துப் பொருளெல்லாம் அப்பவே சேர்த்து வச்சிருக்காங்க, ஆவணக் காப்பகத்துல நம்ம ஓலைச்சுவடிங்க இருக்கு. தரங்கம்பாடி சர்ச்சுல பீடத்துக்கு முன்னால சீகன்பால்கு ஐயர் கல்லறையப் பாத்து வளந்த எனக்கு இங்க நிக்கும்போது அழுகை வந்துருச்சு. திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க, மியூசியம் இருக்காது.

ஹாலே மார்க்கெட் சர்ச்சுல, சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தர் இறந்தப்ப அவர் முகத்துல அச்செடுத்த முகமூடி இருக்கு, இசை மேதை ஹேண்டல் பிறந்த ஊரும் இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குப் பக்கத்து ஊரு லைப்சிக்ல தாமஸ் சர்ச்சுல பையன்களோட பாட்டு ஆராதனை இருக்கும், இசை மேதை பாக் (Bach) வேலை பார்த்த அதே சர்ச், ரயில்ல போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரலாம், ஸ்கூல் லீவுல பாட மாட்டாங்க, பாத்துட்டுப் போங்க.

வெயில் காலத்துல ஒரு நாள் ஒதுக்கி சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்னிட்ஸுக்குப் போங்க, டிரெஸ்டன்ல ரயில் மாறணும். சின்ன ஊரு, மெதுவா நடக்கலாம். அங்க ஃபெஃபர்குகன்னு ஒரு கேக் பண்ணுவாங்க, பட்டை கிராம்பு வாசமா இருக்கும், பல்லு இல்லாதவங்க டீல நனைச்சுச் சாப்பிடலாம், ரெண்டு டப்பா கூட வாங்கி சபையில வயசானவங்களுக்குக் கொண்டு வந்து கொடுங்க.