செட்டிநாட்டுக்குக் குழுவாகப் போனால் எப்படிச் சாப்பிடுவது

சுற்றுலா போகும் மாணவர் குழு செட்டிநாட்டில் செய்கிற முதல் தவறு, ஆளுக்கொரு தட்டு சொல்வது. 12 பேர் உட்கார்ந்து 12 பேரும் பெப்பர் சிக்கன் சொன்னால் மேசையில் இருப்பது ஒரே பதார்த்தம்தான். காசும் போகும், ஊரின் ருசியும் தெரியாது. பழக்கமில்லாத சாப்பாட்டைப் பயமில்லாமல் தொட்டுப் பார்க்க ஒரே வழி, கொஞ்சமாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வது. பிடிக்காவிட்டால் ஒரு வாய்தான் நஷ்டம். பிடித்துவிட்டால் இன்னொரு தட்டு சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே குழுவை நாலு நாலு பேராகப் பிரித்துவிடுங்கள். நாலு பேர் என்பது சும்மா சொன்ன கணக்கில்லை. ஓட்டல் மேசையில் ஒரு பக்கம் இரண்டு பேர், எதிரே இரண்டு பேர். நடுவில் வைக்கிற தட்டு எல்லோர் கைக்கும் எட்டும். ஆறு பேரானால் ஓரத்தில் இருப்பவருக்கு மிச்சம்தான் வரும். ஒவ்வொரு நாலு பேரிலும் காரம் தாங்குகிறவர் ஒருவராவது, தாங்காதவர் ஒருவராவது இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்களைத் தனி மேசையில் ஒதுக்கி உட்கார வைக்க வேண்டாம். அவர்களுக்கான பதார்த்தம் இந்த ஊரில் நிறையவே உண்டு. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பந்தியே சைவம்தான்.

ஒவ்வாமை உள்ளவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்தான் ஏமாந்து போவார். தேங்காய், கசகசாவோடு முந்திரியையும் சேர்த்துக் குழம்புக்கு அரைத்து ஊற்றுவது வழக்கம், அது கண்ணுக்குத் தெரியாது. "இதில் முந்திரி போட்டிருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. "முந்திரி அரைத்து ஊற்றியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். கார்த்திகை, வெள்ளி, செவ்வாய் என்று கவுச்சி தொடாத நாள் யாருக்காவது இருந்தால் அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் செட்டிநாட்டின் பெரிய ஊரான காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காரைக்குடியில் தங்கிக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி பக்கம் பகலில் போய் வரலாம். இரண்டு நாள் தேவை. ஒரே நாளில் நாலு வேளையும் திணித்தால் மூன்றாவது வேளைக்கே நாக்கு மரத்துப்போகும். மார்கழி, தை, மாசி நல்ல காலம். கத்திரி வெயிலில் வந்தால் வறுவலைப் பார்த்தாலே தண்ணீர்தான் கேட்கும்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குழுவாகப் போவதால் இரண்டு நாளாவது முன்னால் கூப்பிட்டு மொத்தம் எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். சாதாரண மெஸ் என்றால் மதியம் 12.30க்குள் உள்ளே இருங்கள். 2 மணிக்குப் போனால் வறுவலும் நண்டும் தீர்ந்திருக்கும், மிஞ்சுவது சாம்பார்தான்.

முதல் நாள் சாப்பிடப் போவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி ஒரு வேலை செய்யுங்கள். காரைக்குடி மளிகைக் கடையில் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு, வரமிளகாய் இவற்றில் சிறு பொட்டலம் ஒவ்வொன்று வாங்கி ஒரு தட்டில் பரப்பிக் கைமாற்றி முகர்ந்து பாருங்கள். கல்பாசியைப் பார்த்தால் மரத்திலிருந்து உரிந்து விழுந்த காய்ந்த செதில் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறு பக்கம் கறுப்பு. விரலில் கசக்கினாலும் பெரிதாக வாசம் வராது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் மழை பெய்த மண்ணும் விறகுப் புகையும் கலந்தது போல ஒரு வாசனை கிளம்பும். மராட்டி மொக்கு பெரிய கிராம்பு மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் அடையாளம் தெரிந்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தால், "காரமாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல விஷயம் இருக்கும். பெயர்ப்பலகையில் மட்டும் செட்டிநாடு இருக்கிற சாப்பாட்டையும் பிரித்துப் பார்க்க வரும். வறுத்து அரைத்த மசாலா பழுப்பாக இருக்கும். பளீரென்ற சிவப்பு வந்தால் கலர்ப்பொடியைச் சந்தேகிக்கலாம்.

காலைப் பலகாரத்திலிருந்து தொடங்குங்கள், மதியக் கறியிலிருந்து அல்ல. காரமே பழகாதவருக்கும் செட்டிநாடு திறக்கிற வாசல் அதுதான். நாலு பேருக்கு இடியாப்பம் ஒரு தட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்க் கோசமல்லி, வெள்ளைப் பணியாரம் ஒரு தட்டு, இனிப்பான கந்தரப்பம் ஆளுக்கொன்று, மாவில் பொரித்த மசாலாச் சீயம் ஒரு தட்டு. இது போதும். கோசமல்லி என்பது வேகவைத்து மசித்த கத்திரிக்காயில் புளி கரைத்து விட்டுச் செய்வது. கத்திரிக்காய் பிடிக்காது என்பவர்கள் இதில் மனம் மாறுவதுண்டு. கல்கண்டு வடை கிடைத்தால் விடாதீர்கள். உளுந்து வடை என்று நினைத்துச் சட்னியில் தோய்த்துவிட்டால் இரண்டு ருசியும் கெடும், ஏனென்றால் அது இனிப்பு. இவை எல்லாமே எல்லா ஓட்டலிலும் தினமும் கிடைக்காது. முந்தின நாள் மாலையே போய், நாளைக் காலை என்ன போடுவார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மதியம். அளவில்லாச் சாப்பாட்டை ஒருவர் பேரில் வாங்கி இரண்டு பேர் சாப்பிட எந்த மெஸ்ஸிலும் விட மாட்டார்கள். கேட்டுச் சங்கடப்பட வேண்டாம். சாப்பாடு ஆளுக்கொன்று, பக்கப் பதார்த்தம்தான் பொதுவில். நாலு பேருக்கு மூன்று தட்டுக்கு மேல் முதலில் சொல்லாதீர்கள்: கோலா உருண்டை ஒன்று, உப்புக்கறி ஒன்று, கோழி மிளகு வறுவல் ஒன்று. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வெண்டைக்காய் மண்டி, வாழைப்பூ வடை, வற்றல் குழம்பு. மண்டியை அரிசி களைந்த தண்ணீரில் செய்வார்கள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு கொதிக்க விடுவது. கெட்டிப்படுவதற்குத் தனியாக மாவு வேண்டாம், அந்தக் கழுநீரே போதும்.

தொடுகிற வரிசை முக்கியம். பருப்பும் நெய்யும் விட்டு நாலு வாய் சோறு. பிறகு கோலா. கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை சேர்த்து அரைத்துப் பொரிப்பதால் சாதுவாக இருக்கும். அடுத்து உப்புக்கறி. பெயரைக் கேட்டு உப்புக் கரிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆட்டுக்கறி, வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மசாலாப்பொடி சேராது என்பதால் கறியின் சொந்த ருசி தெரியும். மிளகு வறுவல் கடைசியில். வரமிளகாய் நாக்கிலும் உதட்டிலும் எரியும், மிளகு தொண்டைக்குள் இறங்கிச் சூட்டைப் போடும். மிளகை முதலில் தொட்டுவிட்டால் அதற்குப் பின் வருகிற மெல்லிய ருசி எதுவும் ஏறாது. நண்டு வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வேளை ஒதுக்குங்கள். ஓட்டை உடைத்து உறிஞ்ச நேரம் பிடிக்கும், பஸ் பிடிக்கிற அவசரத்தில் அது நடக்காது. ரசமாக மட்டும் ருசி பார்க்க, நாலு பேருக்கு இரண்டு டம்ளர் நண்டு ரசம் போதும்.

பொதுத்தட்டில் எச்சில் கை போடாதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரண்டி கேட்டு வாங்கி, எல்லோர் இலையிலும் ஒரு கரண்டி வைத்த பிறகு சாப்பிடத் தொடங்குங்கள்.

யாருக்காவது காரம் தலைக்கேறினால் தண்ணீரை நீட்ட வேண்டாம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். குளிர்ந்த தண்ணீர் எரிச்சலை வாய் முழுக்கப் பரப்பத்தான் செய்யும். கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூனை வாயில் அரை நிமிடம் வைத்து விழுங்கச் சொல்லுங்கள், பாலும் உதவும். நீர் மோர் குடிக்க நன்றாக இருக்கும், ஆனால் நீர்த்திருப்பதால் தயிர் அளவுக்குக் கேட்காது. மேசைக்கு ஒரு கப் தயிரை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். தொடத் தயங்குகிறவரை, "ஒரு வாய்தானே, சாப்பிடு" என்று சுற்றி நின்று வற்புறுத்துவது தவறு. பக்கத்தில் இருப்பவர் தன் இலையில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். தானாக நீளும் கைதான் இரண்டாவது வாய்க்கும் நீளும்.

இரண்டாம் நாள், தங்கும் இடத்தில் அடுப்பைப் பயன்படுத்த விட்டால், குழுவாக வெள்ளைப் பணியாரம் சுடுங்கள். சாமான் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். 200 மில்லி டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேலேயே வெள்ளை உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. ஒரு டம்ளருக்கு 12 முதல் 15 பணியாரம் வரும். 12 பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் மூன்று டம்ளர் போடுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஊறட்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய் போல அரைத்து, உப்பும் டம்ளருக்கு அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, இரண்டு ஸ்பூன் காய்ச்சிய பால் விட்டு, தோசை மாவை விடச் சற்றே இளக்கமாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததும் சுட வேண்டும். புளித்த மாவு எண்ணெய் குடிக்கும்.

குழிந்த வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் தீயை மட்டாக வைத்து, ஒரு சிறு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றிவிட்டுக் கையை எடுங்கள். மாவு அடியில் போய், இரண்டு மூச்சு விடும் நேரத்தில் வட்டமாக மேலே மிதந்து வரும். ஓரம் பூப்போல விரியும், நடு உப்பும். கரண்டியால் எண்ணெயை அதன் மேல் அள்ளி விட்டு, திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டு ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். உப்பாமல் தட்டையாக வந்தால் மாவு நீர்த்திருக்கிறது, ஒரு ஸ்பூன் அரிசி மாவு போடுங்கள். நடுவில் கனத்து வேகாமல் இருந்தால் மாவு கெட்டி, கொஞ்சம் பால் விடுங்கள். சிவந்து போனால் தீ அதிகம். எண்ணெய் சொட்டினால் தீ குறைவு அல்லது மாவு புளிப்பு. தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், புளி, உப்பு வைத்து அரைத்த காரச் சட்னி. பணியாரத்தின் லேசான இனிப்புக்கு அதுதான் ஜோடி.

கறுப்புக் கவுனி அரிசியில் இனிப்பு செய்ய ஆசைப்பட்டால் முந்தின இரவே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வேகாது. ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்தால்தான் அந்தக் கருஞ்சிவப்பு நிறம் தங்கும். அரிசி குழைந்த பிறகே சர்க்கரை. முன்னால் போட்டால் அரிசி விறைத்துவிடும். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்த அரிசி இது. தேங்காய்த்துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்துதான் செட்டிநாட்டு விருந்து இனிப்பானது.

பணத்துக்கு ஒரு பொதுப்பை வையுங்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே வாங்கி, மேசைக்கு ஒருவர் கணக்கு எழுதட்டும். கறி சாப்பிடாதவரிடம் கறிக்கான பங்கை வாங்கக் கூடாது.

ஊருக்கு வாங்கிப் போகிற பலகாரத்தில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். அதிரசம் நாலைந்து நாள். கந்தரப்பத்தை மறுநாளுக்குள் தின்றுவிட வேண்டும். வெள்ளைப் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு போக நினைக்காதீர்கள், ஆறினால் ரப்பர். சீடைப் பொட்டலத்தைப் பைக்கு அடியில் வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிடும். துணியை அடியில் போட்டு, அதிரசத்தை நடுவில் வைத்து, சீடையை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.