பழைய பெர்மிட் ஒன்றைக் கவுன்டி அலுவலகத்திலிருந்து வாங்கியது: என் அனுபவம்

கலிபோர்னியாவில் நாங்கள் வாங்கிய வீட்டில் பின்பக்கம் ஒரு அறையைக் கூடுதலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு பெர்மிட் (கட்டட அனுமதி) உண்டா என்று தெரிய வேண்டியிருந்தது. "வீட்டைப் பற்றிய எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) எழுதிப் போட்டேன். ஒரு மாதமாகப் பதிலே இல்லை.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. ஒவ்வொரு ஆவணமும் ஒவ்வொரு அலுவலகத்தில் இருக்கும்: பத்திரம் ரெக்கார்டரிடம் (பத்திரப் பதிவு அதிகாரி), வரி மதிப்பு அசெஸரிடம் (சொத்து மதிப்பீட்டு அதிகாரி), பெர்மிட் கட்டடத் துறையிடம். அதுவும் வீடு நகர எல்லைக்குள் இருந்தால் பெர்மிட்டுக்குப் பொதுவாகக் கவுன்டியைக் கேட்டுப் பயனில்லை, நகராட்சியைத்தான் கேட்க வேண்டும். எங்கள் வீடு எல்லைக்கு வெளியே, அதனால் கவுன்டிதான்.

சரி என்று, வரி ரசீதில் இருக்கும் பார்சல் எண்ணை (மனையின் அடையாள எண்) போட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன ஆவணம் என்று குறிப்பாகக் கேட்டு, மாநிலப் பொது ஆவணச் சட்டப்படி 10 நாளுக்குள் தர முடியுமா என்று சொல்ல வேண்டும் என்பதையும் பணிவாக நினைவூட்டி, நேராகக் கவுன்டியின் கட்டடத் துறைக்கே எழுதினேன். ஒரே வாரத்தில் பெர்மிட் மின்னஞ்சலில் வந்துவிட்டது! எவ்வளவு நிம்மதி தெரியுமா.

கட்டட வரைபடத்துக்கு மட்டும் வேறு விதி. நேரில் போய்ப் பார்க்கலாம், நகல் வேண்டுமென்றால் வரைந்தவரும் வீட்டு உரிமையாளரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.