இன்ஜின் மாற்றியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் இறக்கி ஏற்றும் வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நாங்கள் பழகிய காலத்தில் செய்த கோளாறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். டேங்கில் பெட்ரோல் இல்லாதது, பேட்டரி இறங்கிக் கிடப்பது, ஃபியூஸ் போனது இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எந்த மாதிரி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பார்க்காமலே கழற்றுவது

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா, செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கிறதா, செல்ஃப் நன்றாக அடித்தும் இன்ஜின் பிடிக்கவில்லையா, பிடித்து இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறதா? ஐந்தும் வேறு வேறு கோளாறு. சத்தமே இல்லை என்றால் செல்ஃப் ரிலே, சோலனாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்) போகும் சின்ன ஒயர், கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பார்க்-நியூட்ரல் சுவிட்ச், இந்த வழியில் போக வேண்டும். பிடித்து அணைகிறது என்றால் முதல் சந்தேகம் இம்மொபிலைசர் மேல் (சரியான சாவி இல்லையென்றால் இன்ஜினை ஓடவிடாத பூட்டு அது). இதைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுபவர்களை என்ன செய்வது?

எர்த்: இன்றும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு

இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். அதாவது பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கரண்ட் போக இயல்பாக வழி கிடையாது. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு தடித்த ஒயர் வரும், இன்ஜினிலிருந்து பாடிக்குப் பின்னல் பட்டை ஒன்று போகும். வண்டியைப் பொறுத்து இடம் மாறும், ஆனால் இரண்டும் இருக்க வேண்டும். இன்ஜினை இறக்கும்போது கழற்றிய அந்தப் பட்டை, ஏற்றும்போது கியர்பாக்ஸ் பின்னால் ஒரு முனை மாட்டி மறுமுனை தொங்கிக்கொண்டு கிடக்கும். இல்லையென்றால், இன்ஜின் அழகாக இருக்கட்டும் என்று புதிதாக அடித்த பெயிண்ட் மேலேயே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். பெயிண்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்?

ஒரு வண்டியில் இப்படித்தான் நடந்தது. செல்ஃப் இழுத்து அடிக்கிறது, தீப்பொறி இல்லை. பழகுகிற தம்பி முதலில் பேட்டரியை மாற்றினான், அப்புறம் செல்ஃப் மோட்டாரை, அப்புறம் கிராங்க் சென்சாரை (இன்ஜின் தண்டு சுற்றுவதைக் கண்டறிவது), கடைசியில் எங்கிருந்தோ ஒரு பழைய ஈ.சி.யூ.வையும் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கொண்டுவந்து மாட்டினான். "எர்த் பார்த்தியாப்பா?" என்று கேட்டால், "பார்த்துட்டேன் அண்ணே, மீட்டர்ல ஜீரோ காட்டுது" என்றான்.

எரிச்சல் வருவது இந்த ஜீரோவால்தான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் அது அனுப்பும் கரண்ட் மிகமிகக் கொஞ்சம். பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போய்விடும், மீட்டரும் நல்லது என்று சொல்லிவிடும். ஆனால் செல்ஃப் மோட்டார் கேட்பது 150, 200 ஆம்பியர். இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே செத்துவிடும். 0.02 ஓம் என்பது சாதாரண மீட்டரின் கண்ணுக்கே தெரியாது, மீட்டர் ஒயரின் தடையே அதைவிட அதிகம்.

எனவே எர்த்தைப் பார்க்க ஓம் வேண்டாம், வோல்ட் பாருங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள் (மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள், ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் சரி. 0.5-ஐத் தாண்டினால் இணைப்பில் கோளாறு, தேடிப் பிடியுங்கள். அடுத்து, அதே மாதிரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் பாருங்கள். மீட்டரே இல்லையா, பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்குக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிள் போட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். செல்ஃப் வேகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தடித்த வழி இல்லையென்றால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த வழியில் எல்லாம் புகும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சென்சார்களின் சின்ன எர்த் ஒயர் எதையும் விடாது. கேபிள் சூடாகி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, பின்னால் ஆக்ஸிலரேட்டர் ஒட்டிக்கொண்ட வண்டிகளும் உண்டு. அந்தத் தம்பியின் வண்டியில் பட்டையை மாட்டி, பெயிண்டைத் தேய்த்து எடுத்ததும் செல்ஃப் கணீரென்று அடித்தது, ஆனாலும் இன்ஜின் பிடிக்கவில்லை. விடாமல் செல்ஃப் அடித்ததில் ஈ.சி.யூ.வின் எர்த் ஒயர் கட்டுக்குள்ளேயே வெந்துபோய், பக்கத்து ஒயரோடு ஒட்டிக் கிடந்தது. ஒயரிங் முழுவதையும் பிரித்துக் கட்டினோம். ஒரே ஒரு போல்ட் போட மறந்ததற்கு இவ்வளவு வேலை, இத்தனை பாகம். அவன் கழற்றி வைத்த பழைய செல்ஃப் மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

சென்சார் புதிது என்பதால் அது சரி என்று நம்புவது

செல்ஃப் நன்றாக அடித்தும் தீப்பொறி, எரிபொருள் இரண்டுமே வரவில்லை என்றால் ஸ்கேனரை (ஈ.சி.யூ. சொல்வதைப் படிக்கும் கருவி) மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். பாருங்கள். 150 முதல் 250 வரை காட்டினால் கிராங்க் சிக்னல் வருகிறது. பூஜ்யம் என்றால் வரவில்லை. சிக்னல் வந்தும் ஈ.சி.யூ. கண்டுகொள்ளாத கதையும் உண்டு. கிராங்க் சென்சார் படிக்கும் பல் சக்கரம் 60-ல் 2 பல் குறைந்ததா, 36-ல் 1 பல் குறைந்ததா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், ஈ.சி.யூ. ஒரு கணக்கைத்தான் எதிர்பார்க்கும். சில இன்ஜின்களில் அந்தப் பற்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கும். வேறு ஃப்ளைவீலை மாட்டிவிட்டுச் சென்சாரை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. ஒரே வடிவக் கப்ளர்கள் (ஒயர்களை இணைக்கும் பிளக்குகள்) இடம் மாறியிருப்பதும் சகஜம். கழற்றும்போதே டேப் ஒட்டிப் பெயர் எழுதுவதில் என்ன கஷ்டம்?

இன்ஜினோடு வந்த ஈ.சி.யூ.வையும் மாட்டுவது

உங்கள் வண்டியின் சாவி அதற்குத் தெரியாது, இம்மொபிலைசர் விடாது. அதே வகை இன்ஜின் என்றால் வண்டியின் பழைய ஈ.சி.யூ.வே போதும்.

பிடிக்கும் வரை செல்ஃப் அடிப்பது

ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். விடாமல் அடித்தால் தெளித்த பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் விழும், பிளக் நனையும். அப்புறம் கோளாறைச் சரிசெய்தாலும் வண்டி பிடிக்காது, நீங்கள் சரியானதைத் தவறு என்று நினைத்து மறுபடி கழற்றுவீர்கள்.

டைமிங் பெல்ட் போட்டதும் நேராகச் சாவியைத் திருப்புவது

கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். உள்ளே பிஸ்டன் வால்வில் இடித்தால் நிறுத்துங்கள்.

டீசலில் பழைய பழக்கம்

பழைய பம்ப் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துக் காற்றை எடுப்போம். காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஓடும்போது ரெயிலில் 1000 பாருக்கு மேல் போகும் அழுத்தம் அது, செல்ஃப் அடிக்கும்போதே தோலைத் துளைக்கப் போதுமானது. காற்று எடுப்பதைக் கைப்பம்ப்போடு, குறைந்த அழுத்தப் பக்கத்தில் ஃபில்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளோ பிளக் (டீசல் இன்ஜினை உள்ளே சூடாக்கும் பிளக்) எரியும் வண்டியில் ஈதர் ஸ்ப்ரே (எளிதில் தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) அடிப்பது

அடிக்காதீர்கள்.

ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடு (கோளாறு எண்) எல்லாவற்றையும் நம்புவது

கப்ளர் மாட்டாமல் நடுவில் யாராவது சாவியைப் போட்டிருப்பார்கள், அதற்கெல்லாம் ஃபால்ட் கோடு பதிவாகியிருக்கும். முதலில் எல்லாவற்றையும் அழியுங்கள், 10 நொடி செல்ஃப் அடியுங்கள், திரும்ப எது வருகிறதோ அதை மட்டும் துரத்துங்கள்.