எந்த விபவ வருஷம்? புதுச்சேரியில் நடக்கும் சிறுவர் காலப்பயண மர்ம நாவல் எழுதும் முறை

காலப்பயணமும் மர்மமும் ஒரே கதையில் லேசில் ஒட்டாது. நினைத்த நாளுக்குப் போக முடியும் என்றால், களவு போன அன்றைக்கே போய்த் திருடனைப் பார்த்துவிடலாம். மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடும். அதனால் பயணத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டுத்தான் துப்புகளைத் தொட வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அறுபது வருஷப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவதால் 1748, 1808, 1868, 1928, 1988 ஐந்துமே விபவதான். "விபவ வருஷம் புரட்டாசி மாசம், கிணற்றடியில் புதைத்தேன்" என்று பழைய பெட்டியில் ஒரு தாள் கிடைக்கட்டும். (ஓலை வேண்டாம். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, பிள்ளைகளால் படிக்க முடியாது.) இயந்திரம் விபவ வருஷங்களுக்கு மட்டுமே போகும். மொத்தம் இரண்டே பயணம், ஒவ்வொன்றிலும் ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம். ஐந்து பயணம் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிடுவார்கள், துப்பறிய வேலையே இராது.

மாசத்தில் கவனம் தேவை. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், விபவ வருஷம் தை மாசம் என்று எழுதினால் 1749 ஜனவரி ஆகிவிடும். புரட்டாசி என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

முதல் பயணம் 1748க்கு, அது வீணாக வேண்டும். அந்தப் புரட்டாசியில் கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து வந்த இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள். புதையல் என்றதும் பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். கோட்டைக்குள் முன்பின் தெரியாத பிள்ளைகள் நின்றால் உளவாளி என்று பிடிப்பார்கள், அத்தியாயத்துக்கு அது போதும். அன்றாட விவரத்துக்கு, அப்போது பிரெஞ்சுக் கவர்னருக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1748 பகுதியைப் படியுங்கள். அதிலுள்ள தமிழ் பேச்சுத் தமிழ்தான், எனவே உங்கள் பாத்திரங்களும் செந்தமிழில் முழங்க வேண்டாம். அடிக்கடி வரும் பிழைகள் தீப்பெட்டியும் டீக்கடையும். இரண்டும் அப்போது கிடையாது.

பிறகு வருஷத்தைக் கழிக்கும் துப்புகள். தாளின் மறுபக்கத்தில் "விளக்குக் கோபுர வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது" என்று இருந்தால் 1748, 1808 இரண்டும் போகும், ஏனென்றால் கடற்கரைப் பழைய கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது 1836இல். "அண்ணன் ரயிலுக்குப் போய்விட்டான்" என்றால் 1868 போகும். புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879இல்.

மிச்சம் 1928, 1988. இங்கேதான் கதையின் உயிர். தாளில் "லை" எழுத்து பழைய துதிக்கை வடிவில் இருப்பதைப் பார்த்து, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று கெட்டிக்காரப் பிள்ளை முடிவுகட்டட்டும். ஆனால் 1928இல் எட்டு வயதான சிறுமிக்கு 1988இல் அறுபத்தெட்டு வயது. கையெழுத்தை அவள் மாற்றியிருக்கவே மாட்டாள். ஒரே ஆள் ஒரே பெயருள்ள வருஷத்தை இரண்டு முறை எழுதியிருக்கலாம்! முடிவு சொல்ல வேறொன்று வேண்டும். எங்கள் தேர்வு பிரெஞ்சுக் கொடி: "கோர்ட்டுக் கட்டடத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கும் நேரம்" என்று ஒரு வரி போதும். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிவிட்டது. இந்த வரியைக் கடைசியில் திடீரென்று நீட்டாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே, தாள் மடிப்பில் பாதி மறைந்து, வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எழுதும்போது இரண்டு தாள் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றில் 1748 முதல் இன்றுவரை நடந்தவை வருஷ வரிசையில், மற்றதில் பிள்ளைகள் தெரிந்துகொண்ட வரிசையில். இரண்டாவதை விட்டால், இன்னும் போகாத வருஷத்தைப் பற்றி ஒரு பாத்திரம் வாய்தவறிப் பேசிவிடும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினருக்கு இருபதாயிரம் சொல், இருபது அத்தியாயம் சரியாக வரும். பதினாறாவதோடு நிறுத்தி நாலைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த வருஷம் என்று கேளுங்கள். எல்லோரும் 1928 என்றால் கொடி வரியை இன்னும் மறையுங்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் ரயிலையும் விளக்கையும் இன்னொரு முறை யார் வாயிலாவது வரவையுங்கள்.