கட்டி மறையும் வரை கீமோ: கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயில் நடக்கும் தவறுகள்

கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றதும், 'இனி ஆபரேஷனுக்கு வழியில்லை' என்று குடும்பமே முடிவுகட்டிவிடும். பல புற்றுநோய்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் விதிவிலக்கு. கட்டிகளை முழுதாக வெட்டியெடுக்க முடிந்தால், பலர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். சிலர் முழுதாகவே குணமாகிறார்கள். அதனால் கீமோவெல்லாம் முடித்துவிட்டுக் கல்லீரல் சர்ஜனைத் தேடுவது தப்பு. முதல் ஊசிக்கு முன்பே அவர் ஸ்கேனைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டி சுருங்குகிறது, எல்லோருக்கும் சந்தோஷம், 'முழுக்க மறையட்டுமே' என்று கீமோவை நீட்டிக்கொண்டே போவது. ஸ்கேனில் காணோம் என்றால் கல்லீரலிலும் இல்லை என்று அர்த்தமில்லை. 2006-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், சி.டி. ஸ்கேனில் மறைந்துபோன 66 கட்டிகளில் 55-இல் நோய் மிச்சமிருந்தது, அல்லது அதே இடத்தில் திரும்ப வந்தது. கட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டால் சர்ஜன் எதை வெட்டுவார்? கீமோவுக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்திருந்தால் பழைய இடமாவது தெரியும். வெட்டக்கூடிய அளவுக்குச் சுருங்கியதும் ஆபரேஷனுக்குப் போய்விடுவதே சரி.

நீட்டிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். இரினோடெகான் என்ற இன்னொரு மருந்து கல்லீரலில் கொழுப்பேறிய அழற்சியைக் கொண்டுவரலாம். நல்ல கல்லீரல் என்றால், வெட்டியெடுத்த பிறகு சுமார் 20 சதவீதம் மிஞ்சினால் போதும். நீண்ட கீமோவுக்குப் பிறகு 30 சதவீதமாவது வேண்டும். போதாவிட்டால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்டல் ரத்தக்குழாயில், வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கத்தை வளரவிடுவார்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

அவசரமும் ஆகாது. கடைசி கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே வழக்கமாக 4 வாரமாவது விடுவார்கள். கீமோவோடு சேர்த்துத் தரும் பெவாசிஸுமாப் மருந்தைக் கொடுத்திருந்தால் சுமார் 6 வாரம், ஏனென்றால் அது புண் ஆறுவதைத் தடுக்கும். ஆகவே வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால், கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்ற சீட்டு கையில் இருக்கட்டும்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் ஓய்ந்தது என்று செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்ப வருகிறது. சீக்கிரம் தெரிந்தால், சிலருக்கு மறுபடியும் வெட்டியெடுக்கலாம். மிச்சக் கல்லீரல் அதற்குள் வளர்ந்திருக்கும்.