வீட்டுச் செபமாலை: ஓடாமல் சொல்வது எப்படி

கலியாணம் முடித்துப் புதுக்குடித்தனம் தொடங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: “அன்ரி, நாங்களும் வீட்டிலை செபமாலை தொடங்கிறம், ரெண்டு கிழமைக்கு மேலை இழுபடுதில்லை. என்ன செய்யிறது?” நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. கடற்றொழில் வீட்டில் பிறந்து கடற்றொழில் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் நடக்கிற முறையைச் சொல்கிறேன்.

செபமாலை நின்றுபோவதற்குப் பக்திக் குறைவு காரணம் என்று நான் நினைப்பதில்லை. ஒன்று, நேரம் பொருந்தாது. மற்றது ஓட்டம். கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்க வேண்டியதை எட்டு நிமிடத்தில் துரத்தி முடித்தால், நாளைக்கு அந்தப் பாயில் வந்து இருக்க யாருக்கு மனம் வரும்?

நேரத்தை உங்கள் வீட்டுத் தொழிலைப் பார்த்து வையுங்கள். பின்னேரம் கடலுக்கு இறங்குகிறவர் உள்ள வீட்டில் இரவு எட்டு மணி என்று வைத்தால் தகப்பன் இல்லாத செபமாலைதான் நடக்கும். அப்படியான வீட்டில் அவர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கந்தோர் வேலைக்காரர் என்றால் ஆறு மணிக்குக் கோவிலில் திரிகால மணி அடித்ததும் தொடங்கலாம். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வேண்டாம். மாதாவை நோக்கிச் சொல்கிற அருள்நிறைந்த மந்திரம் பத்துத் தரம் சொன்னால் ஒரு பத்து; மூன்றாம் பத்து வரும்போது பாதிப்பேர் நித்திரை.

மாதா சுருவம் (சிலை) வைத்திருக்கிற மேசையைச் செபத்துக்கு மட்டும் விடுங்கள். மாதாவின் காலடியில் கரண்ட் பில், போன் சார்ஜர், வைஃபை பெட்டி எல்லாம் குவிந்திருக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். எடுத்து வேறெங்காவது வையுங்கள். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது நல்ல வழக்கம். அடுத்த தவக்காலத்துக்கு முன் அதைக் கோவிலில் கொடுத்துவிட வேண்டும். அதை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். மெழுகுதிரியை ஒரு சிரட்டையில் மணல் போட்டு அதில் நிறுத்துங்கள். கடற்காற்றுக்குச் சரிந்தாலும் மணலில்தான் விழும்.

கண்ணாடி மணிச் செபமாலை சின்னப் பிள்ளையின் கையில் தாங்காது. நாங்கள் வலை நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுப்போம். தடித்த நைலோன் நூல் ஏழு மீற்றரளவு வெட்டிக்கொள்ளுங்கள். சுட்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை அந்தச் சுற்றுகளுக்குள்ளால் விட்டு, விரலைக் கழற்றி மெதுவாக இழுத்தால் உருண்டையாய் ஒரு முடிச்சு விழும். அவசரப்பட்டு இழுத்தால் சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கட்டியாகிவிடும். சுற்றுகள் பக்கம் பக்கமாய்ப் படுகிறதா என்று பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். பத்து முடிச்சு விழுந்ததும் ஒரு இடைவெளி, இயேசு கற்பித்த பரலோக மந்திரத்துக்கு நான்கு சுற்றில் சற்றுப் பெரிய முடிச்சு, மறுபடி இடைவெளி. வால் பகுதியையும் சேர்த்து மொத்தம் 59 முடிச்சு. நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. சிலுவையைக் கட்டி, ஞாயிறு பூசை முடிய பாதரிடம் கொடுத்து மந்திரித்து எடுங்கள். மந்திரித்த செபமாலையைப் பிள்ளைகள் இழுத்து விளையாட விடாதீர்கள்.

ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சிலுவையில் விசுவாசப் பிரமாணம், ஒரு பரலோக மந்திரம், விசுவாசம் நம்பிக்கை தேவசிநேகம் கேட்டு மூன்று அருள்நிறைந்த மந்திரம், பிறகு ஐந்து பத்து. பத்துகளைச் சொல்லும்போது தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கைச் சம்பவங்களைத்தான் தேவ இரகசியம் என்கிறோம். திங்களும் சனியும் சந்தோச தேவ இரகசியம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் இரகசியங்களை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 2002 இல்தான் சேர்த்தார், அதுவும் கட்டாயமாக அல்ல. வீட்டிலுள்ள அப்பம்மா பழையபடி வியாழனில் சந்தோச இரகசியம்தான் சொல்லுவேன் என்றால் சொல்லட்டும். செபமாலை தொடங்குமுன் அதற்காகச் சண்டை பிடிக்கிற வீட்டையும் கண்டிருக்கிறேன்.

இனித்தான் முக்கியமான இடம். முன்னால் சொல்பவர் பாதி, பதில் சொல்பவர்கள் பாதி என்று பிரித்திருப்பது ஒருவரையொருவர் கேட்பதற்காக. எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” என்று மற்றவர்கள் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் முன்னால் சொல்பவர் அடுத்த “அருள் நிறைந்த” என்று ஏறிவிடுவார். அவர் ஏறியதைக் கண்டு இவர்கள் இன்னும் வேகமாய் விழுங்குவார்கள். மூன்றாம் பத்தில் “மரண நேரம்” என்ற சொல்லே காதில் விழாது. அதைத்தானே ஒவ்வொரு மணியிலும் கேட்கிறோம்!

இதற்கு நாங்கள் செய்வது இரண்டு. முன்னால் சொல்பவர், மற்றவர்களின் “ஆமென்” கேட்ட பிறகுதான் விரலை அடுத்த மணிக்கு நகர்த்துவார். விரல் நகராமல் வாய் திறக்கக்கூடாது. மற்றது, இயேசுவின் பெயர் வருகிற இடத்தில் தலையைச் சற்றுக் குனிந்து ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சிலேயே ஓட்டம் தானாய்த் தணியும். பழைய வாசகமா புதிய வாசகமா என்பதையும் முன்கூட்டியே ஒன்றாக முடிவெடுங்கள். பாதிப்பேர் “சர்வேசுரனுடைய மாதாவே” என்றும் பாதிப்பேர் “இறைவனின் தாயே” என்றும் சொன்னால் சந்தைதான்.

ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கருத்து, ஒரே வரியில். “படிக்காமல் போன் நோண்டுகிற பிள்ளைக்காக” என்று செபத்துக்குள் ஏச்சு வைக்காதீர்கள். இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். எங்கள் தெருவில் கடலில் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. 1993 நவம்பர் 13 அன்று எங்கள் ஊர் யாகப்பர் கோவிலில் விமானக் குண்டு விழுந்து செத்தவர்களுக்காகவும் ஒரு பத்து ஒதுக்குகிறோம்.

விசுவாசப் பிரமாணத்துக்கு முழந்தாளில் நிற்கலாம், பத்துகளுக்குப் பாயில் இருக்கலாம். முழங்கால் ஏலாதவர்களுக்குக் கதிரை போடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பத்து போதும், பிறகு மடியில் படுக்கட்டும். பெரிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பத்து முன்னால் சொல்லக் கொடுங்கள்.

திருநாட்களில் தொடங்குமுன் அந்தப் புனிதரைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லுங்கள். ஒரு புனிதர், ஒரு சம்பவம், அதற்கு மேல் வேண்டாம். யூலை 25 யாகப்பருக்கு நான் சொல்வது, தகப்பன் செபதேயுவோடு படகிலிருந்து வலை பொத்திக்கொண்டிருந்தபோது ஆண்டவர் அவரைக் கூப்பிட்டதை. மத்தேயு 4:21. முற்றத்தில் வலை பொத்துவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அப்போஸ்தலர்களில் முதலில் வேதசாட்சியாய் இறந்தவரும் அவர்தான் என்று முடிப்பேன். சனவரி 16 யோசவ் வாஸ் அடிகளுக்கு: ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு முகம் மாறுகிற வீடு எதுவென்று பார்த்தார். சில்லாலைச் சனங்கள் அவரை மறைத்து வைத்தார்கள். சில்லாலை பஸ்ஸில் போகிற தூரம்தான், ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக்கியதை மூத்த பிள்ளைகளுக்கே நினைவிருக்கும். பாசையூர் அந்தோனியாரைத் தொலைந்த திறப்பு தேடித் தருகிறவராக மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். பெரிய போதகர் அவர், இறந்து ஒரு வருடத்துக்குள் திருச்சபை புனிதராக்கிய ஆள்.

கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிற பிள்ளைகளோடு ஞாயிறில் வட்ஸ்அப்பில் சேர்ந்து சொல்கிறீர்களா? குரல் பிந்தி வரும், எல்லாரும் பதில் சொன்னால் எதிரொலிதான் மிஞ்சும். இங்கே ஒருவர் முன்னால் சொல்ல, அங்கே ஒரே ஒரு வீட்டின் மைக்கைத் திறந்து வையுங்கள். மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டுத் தங்கள் வீட்டுக்குள் பதில் சொல்லட்டும். இங்கே பின்னேரம் ஆறரை என்றால் ரொறன்ரோவில் காலை, பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடைசியில் “கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற” சொல்லி முடியுங்கள். மாதாவின் பட்டப்பெயர்களைச் சொல்லி மன்றாடுகிற மாதா பிரார்த்தனையைச் சனிக்கிழமையிலும் ஒக்டோபர் மாதம் முழுக்கவும் சேர்த்தால் போதும். முடிந்ததும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லுவார்கள், பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் போனும் சோறும். ஒருநாள் தவறிப்போனால் அடுத்தநாள் இரண்டு செபமாலை சொல்லிக் கணக்குத் தீர்க்க வேண்டாம், அது மறுபடி ஓட்டத்தில்தான் கொண்டுபோய்விடும். அன்றைக்கு என்ன கிழமையோ அந்த இரகசியத்தோடு தொடங்குங்கள்.