மேலமணக்குடியா, கீழமணக்குடியா? பத்திரிகைப் பயிற்சிக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் தேர்வுகள் முடியும் சமயத்தில் நாகர்கோவில் செய்திப் பிரிவுகளுக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி மின்னஞ்சல்கள் வரும். "எழுத்தில் ஆர்வம் உண்டு, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், ஒரு வாய்ப்புத் தாருங்கள்." கூடவே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் தொடங்கி கபடிச் சான்றிதழ் வரை அடுக்கிய தன்விவரக் குறிப்பு. எல்லாம் இருக்கும், எழுதிய செய்தி ஒன்று மட்டும் இருக்காது. செய்தி ஆசிரியர் தேடுவதோ அதைத்தான். நீங்களே போய் விசாரித்து முன்னூறு சொல்லில் எழுதிய ஒரு செய்தி, இரண்டு பக்கத் தன்விவரத்தைவிடக் கூடுதலாகப் பேசும். அதையும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பிவிடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோடில் அடித்து, மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

சரி, செய்திக்கு எங்கே போவது? சென்னைக்குப் போனால்தான் பத்திரிகை வேலை என்ற நினைப்பு நம் ஊர் மாணவர்களிடம் அழுத்தமாக இருக்கிறது. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. சென்னைக்காரருக்குக் கிடைக்காத சரக்கு உங்கள் வீட்டைச் சுற்றிக் கிடக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளே அதிகாரிகள் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல், வெளியே மனுவைச் சுருட்டிப் பிடித்துக் காத்திருப்பவர்களிடம் பேசுங்கள்.

இல்லையென்றால் தோவாளைப் பூச்சந்தை. ஓணம் நெருங்கும்போது அங்கிருந்து கேரளத்துக்குப் பூ போகும். "தோவாளையில் பூ விலை கிடுகிடு உயர்வு" என்று வருடா வருடம் எழுதுகிறார்கள். எந்தப் பூ? பிச்சியா, மல்லிகையா, கிரேந்தியா? அதிகாலை விலையா, வெயில் ஏறியபின் சரிந்த விலையா? வியாபாரி விற்ற விலையா, விவசாயி கையில் வாங்கியதா? இந்த நாலு கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தாலே அந்த மாணவரைச் செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர்கள் கவனிப்பார்கள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு கடற்கரைச் செய்தியில் 'மணக்குடி' என்று மட்டும் எழுதிவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, மேலமணக்குடியா கீழமணக்குடியா?" பழையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. இரண்டையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. அத்தனை பெரிய சேதத்தைத் தாங்கிய ஊர்களின் பெயரை நான் பாதியாக வெட்டியிருந்தேன். அன்றிலிருந்து ஊர்ப்பெயரை இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதுவதில்லை.

எண்களிலும் அதே கவனம் வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, காணாமல் போன மீனவர் எண்ணிக்கையை அரசு ஒன்று சொன்னது, தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துக் கடற்கரை மக்கள் வேறொன்று சொன்னார்கள். ஒரு எண்ணை மட்டும் எடுத்து, யார் சொன்னது என்று குறிக்காமல் எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று பொருள். காவல் நிலையச் செய்தியும் அப்படித்தான். முதல் தகவல் அறிக்கையில் இருப்பது ஒரு தரப்பின் புகார். நடந்ததே அதுதான் என்று எழுதக் கூடாது.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத தவறு ஒன்று உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதை 2012 போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனைகூட உண்டு. பெயரை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மலையோர கிராமத்தின் பெயர், பள்ளி, வகுப்பு, "தந்தை ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி" என்று எழுதிவிட்டால் அங்கே பெயர் எதற்கு? டீக்கடையில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, இதழியலோ விஸ்காமோ (காட்சித் தொடர்பியல்) படித்தால்தான் இடம் கிடைக்கும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல ஆண்டுகளாக மற்ற பாடம் படிப்பவர்களையும் படித்துக்கொண்டே எழுத வைத்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டினால் பயிற்சியும் பிரஸ் அட்டையும் தருகிறோம் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். பைக்கில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு அது உதவலாம். எழுதக் கற்றுத்தராது. மாறாக, உண்மையான அலுவலகத்தில் சேரும்போது கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எத்தனை வாரம், பேருந்துக் காசாவது கிடைக்குமா, செய்தியில் என் பெயர் வருமா, சான்றிதழ் யார் கையெழுத்தில் வரும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டுமென்று கடைசி நாளில் பதறி ஓடி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், மின்னஞ்சல் கிடைத்ததா என்று விசாரிக்கச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடாதீர்கள். மாவட்டப் பக்கம் முடிக்கிற நேரம் அது, யார் எடுத்தாலும் எரிந்துதான் விழுவார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுங்கள். டீ வந்திருக்கும், நிதானமாகப் பேசுவார்கள்.